கனமானதாக ஒன்று

கடை வாசலில் குணசேகரன் வண்டியை நிறுத்தியபோது ஷஹ்பாஸ் மண்வெட்டிக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தான். வந்தவன் கையில் இருந்தது வெற்றிலை பாக்குத் தட்டுதான். ஆனாலும் பக்கத்துப் பாத்திரக் கடையில் ஷட்டர் பாதி இறங்கியது. கொலைக் கேஸில் ஜாமீன் வாங்கி அவன் வெளியே வந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. வாய்க்காலில் இன்றைக்குத் தண்ணீர் பாய்ச்ச யார் முறை என்ற தகராறில் பங்காளி நாகநாதனை வெட்டிப்போட்ட கேஸ். வெட்டிய அரிவாள் மன்னார்குடியில், இதே இரும்புக் கடையில் வாங்கியது. பிடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக்கூட அவன் கிழித்திருக்கவில்லை.

"பாய், பாப்பாவுக்குக் காதுகுத்து. எல்லாரும் வந்துரணும்" என்று தட்டைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தான். பிறகு ஷஹ்பாஸ் பக்கம் திரும்பிச் சிரித்தான். "தம்பி, நீங்க வெறுங்கையோட வரப்படாது. கிட்டாரைத் தூக்கிட்டு வாங்க. நம்ம பாட்டை நீங்களே வந்து பாடுனாத்தான் நமக்கு மரியாதை."

"அன்னைக்கு எனக்குச் சென்னையில..."

"அன்னைக்கு உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல தம்பி. விசாரிச்சுட்டேன்."

"வர்றோம்" என்றார் ஷஹ்பாஸின் அத்தா ஹாஜா மைதீன். முப்பது வருஷமாக இரும்பு விற்கிறவர். கல்லா மேல் ஒருவர் வைத்ததை வேண்டாமென்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. வண்டி தெருமுனை தாண்டும்வரை சிரித்த முகமாகவே இருந்தார்.

"அத்தா, அவன் கொலகாரன்."

"வாங்க வர்றவன்லாம் நல்லவனான்னு பார்த்தா நாம பஞ்சுதான்டா விக்கணும். போ. நாலு பாட்டுப் பாடு, சாப்பிடு, வா."

மகனுடைய சங்கீதத்தை ஹாஜா மைதீன் இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். சென்னையில் இருப்பது மொத்த வியாபாரம், கடையின் பின்னறையில் நடப்பது சில்லறை. மொத்தம் என்பது ஷஹ்பாஸும் டிரம்ஸ் வாசிக்கும் அப்சரும் இன்னும் இரண்டு பேரும் ஆறு வருஷமாக நடத்திவந்த பேண்டு. கறுப்புச் சட்டையில் மண்டையோடு, தொண்டையில் ரத்தம், மேடையில் புகை. சாவு, சாம்பல், சர்வநாசம் என்று பாடுவார்கள். கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான், அந்தக் கூட்டத்தில் ஒரு கொசு செத்ததாகக்கூடத் தகவல் இல்லை. அத்தாவுக்கு ஆபரேஷன் ஆன சமயம் கடையைப் பார்த்துக்கொள்ள வந்தவன், மத்தியான மந்தத்தில் வாளிகளுக்கும் முள்கம்பிச் சுருள்களுக்கும் நடுவே ஒற்றைக் கிட்டாரை வைத்துக்கொண்டு, கடையில் காதில் விழுந்ததையெல்லாம் மெல்லிய குரலில் பாடிப் பதிவுசெய்ய ஆரம்பித்தான். அத்தா சொன்ன பெயரையே வைத்து இணையத்தில் ஏற்றினான்: சில்லறை.

போன ஆடியில் குணசேகரன் வந்து வெட்டரிவாள் கேட்டான். எதற்கு என்று கேட்பது கடை வழக்கம். வேலிக்கு ஒன்று, தென்னைக்கு ஒன்று, கறிக்கு ஒன்று. "வாழைக்கு" என்றான். ஷஹ்பாஸ் கொடுத்ததை நகத்தால் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்டான். பதம் சரியாக ஏறிய இரும்பு, சுண்டினால் மணி மாதிரி ஓசை இழுக்கும். இது இழுத்தது. ஆனாலும் உதட்டைப் பிதுக்கினான். "லேசா இருக்கே தம்பி."

அங்கேதான் ஷஹ்பாஸுக்குள் அதுவரை தூங்கிக்கொண்டிருந்த வியாபாரி எழுந்து உட்கார்ந்தான். லேசானதில் என்ன கிடைக்கும்? "கனமானது இருக்குண்ணே. ஒரே போடுல எறங்கும்" என்று மேல்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். பேரம் படியாமல் போகுமோ என்ற பயத்தில் நாற்பது ரூபாய் குறைத்தும் கொடுத்தான். ஆள் போனபிறகு, விற்றுவிட்டோம் என்ற சந்தோஷத்தில் விசிலடித்ததும் ஞாபகம் இருக்கிறது.

மறுநாள் உச்சி வெயிலில் ஊரே வாய்க்கால் கரைக்கு ஓடியது. அவனும் ஓடினான். நாகநாதன் மடையை அடைக்கக் குனிந்தவாக்கிலேயே கிடந்தார். முகம் சேற்றுக்குள். பின்கழுத்தில் ஒன்று, முதுகில் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரே போடு. மடை பாதிதான் அடைபட்டிருந்ததால் தண்ணீர் அவரைச் சுற்றிக்கொண்டு, சிவப்பாக, குணசேகரனின் நாற்றங்காலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நாகநாதனின் மனைவி ஆனந்தவல்லி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்றார். போலீஸ் வந்து, ஆம்புலன்ஸ் வந்து, கூட்டம் கலையும்வரை அந்தத் தூக்கை அவர் கீழே வைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பாட்டு வந்தது. முதலில் அரிவாளைச் சுண்டும் ஓசை. அதன் சுருதிக்கே கிட்டாரைச் சேர்த்திருந்தான். பிறகு பேரம், அப்படியே: 'லேசா இருக்கே தம்பி, கனமா ஒண்ணு காட்டு.' கடைசிச் சரணத்தில் மட்டும் கடைக்காரன் தன் வாயால் பேசுவான்:

'கனமானத எடுத்துக் கொடுத்தவன் நான்தான்,
குனிஞ்சு மடை கட்டுனவன் முதுகுல எறங்குச்சு.'

பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி கூப்பிட்டது. பாட்டு பிரமாதம், கடைசிச் சரணம் மட்டும் இழுக்கிறது, அதைத் தூக்கினால் எங்கேயோ போய்விடும் என்றார்கள். தூக்கினான். அது அவன் கொடுத்த இரண்டாவது தள்ளுபடி.

பாட்டு எங்கேயோதான் போனது. செல்போன் வீடியோக்களில் வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸும் போட்ட பையன்கள் வரப்பில் மெதுவாக நடந்து வருவார்கள், பின்னால் சில்லறையின் கிட்டார் ஒலிக்கும். 'கனமா ஒண்ணு காட்டு' என்ற இடத்தில் முதுகுப் பக்கமிருந்து அரிவாள் வெளியே வரும். லட்சக்கணக்கில் பார்த்தார்கள். அப்சர் போன் பண்ணினான். "மச்சான், ஆறு வருஷம் ரத்தம் ரத்தம்னு தொண்ட கிழியக் கத்துனோம். ஒரு பய திரும்பிப் பாக்கல. நீ தாலாட்டுற மாதிரி பாடுற, ஊரே அருவாளத் தூக்குது."

காதுகுத்து, பாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கல்யாண மண்டபத்தில். குழந்தை தாய்மாமன் மடியில் உடல் விறைக்கக் கத்தியது. காதில் துளிர்த்த ரத்தத்தை யாரோ மஞ்சள் துணியால் ஒற்றினார்கள். "தம்பி, ஆரம்பிங்க" என்றான் குணசேகரன்.

பாடினான். திரும்பக் கேட்டார்கள். திரும்பவும் பாடினான். மூன்றாவது முறை குணசேகரனே மேடைக்கு முன்னால் வந்து நின்றான். எதிரே ஒரு பையன், நாகநாதனாக. நெஞ்சை நிமிர்த்தி, மீசையை முறுக்கி, "வாடா பாப்போம்" என்று கையை ஆட்டினான். குணசேகரன் வெறுங்கையை ஓங்கி, அந்த நெஞ்சுக்கு நேராக இறக்கினான். விசில் பறந்தது. சுற்றிலும் ஐம்பது செல்போன்கள் அதைப் பிடித்தன.

நெஞ்சுக்கு நேராக! ஷஹ்பாஸுக்கு அதுவரை பயம்தான் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ரோஷம் வந்தது. அவன் அத்தா எடையில் விளையாடுவார், விலையில் விளையாடுவார். ஆனால் தகரத்தைக் காட்டி எஃகு என்று ஒருநாளும் சொன்னதில்லை. இங்கே அவன் பாட்டைக் காகிதமாக்கிச் சுற்றி எதை விற்கிறார்கள்? பாட்டு முடிய வேண்டிய இடம் வந்தது. விரல்கள் நிற்கவில்லை.

'கனமானத எடுத்துக் கொடுத்தவன் நான்தான்...'

முதலில் யாருக்கும் புரியவில்லை. புதிதாக ஒரு சரணம் என்று இரண்டு பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள். 'முதுகுல' என்ற சொல் விழுந்ததும் கைதட்டல் அறுந்தது. அவன் அந்த வரியை இன்னொரு முறை பாடினான், வாடிக்கையாளருக்கு விலையை இரண்டாம் தரம் சொல்வதுபோல, நிறுத்தி.

 குணசேகரன் மேடையேறிக் கிட்டாரை வாங்கித் தூணில் அடித்தான். அடியோடு பிளந்த மரம் கம்பிகளில் தொங்கி ஆடியது. பிறகு நான்கு பேர் ஷஹ்பாஸைக் கவிழ்த்து அமுக்கினார்கள். ஒருவனுடைய முழங்கால் அவன் கழுத்தில் ஏறியது. வாய்க்குள் பல் ஒன்று தனியாக உருண்டது. "கம்பிய அமுக்குற கை எது? இடது தானடா?" என்று கேட்டான் குணசேகரன். ஆமாம் என்றான் ஒருவன். இடது கையை இழுத்து மேடை விளிம்பில் விரித்துவைத்தார்கள். குணசேகரன் மைக் ஸ்டாண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டான்.

"லேசா இருக்கு. கனமா ஏதாவது குடு."

பந்தல்காரருடைய சம்மட்டி வந்தது. முதல் அடியில் மூன்று விரல்கள். இரண்டாவதில் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. தன் குரல் மட்டும் கேட்டது. சென்னையில் ஆறு வருஷமாக மேடையில் கத்த முயன்ற குரல் அதுதான். குழந்தை மறுபடி அழ ஆரம்பித்திருந்தது.

தஞ்சாவூரில் பதினோரு நாள் படுக்கை. உள்ளே கம்பி வைத்து, வெளியே மாவுக்கட்டு. "ஸ்பூன் பிடிக்கலாம், கிட்டாரைப் பத்தி அப்புறம் பேசுவோம்" என்றார் டாக்டர். ஐம்பது செல்போன்கள் வேலையைப் பார்த்திருந்தன. கடைசிச் சரணமும் சம்மட்டியும் சேர்ந்தே டெல்டா முழுக்கச் சுற்றின. வெள்ளைச் சட்டைப் பையன்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீடியோவை அழித்தார்கள். முதுகில் வெட்டியவனின் பாட்டுக்கு யார் நடந்து வருவது? கம்பெனியிலிருந்து போன் வருவதும் நின்றது. ஜாமீனை ரத்துசெய்யக் கேட்ட மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. குணசேகரன் அதே வண்டியில் கடைத்தெருவில் போய்க்கொண்டிருந்தான். ஆனால் இப்போது யாரும் ஷட்டரை இறக்கவில்லை. டீக்கடையில் அவன் திரும்பி நின்றால், அவன் முதுகைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கட்டோடு கடைக்கு வந்த மூன்றாம் நாள், முற்பகலில், ஆனந்தவல்லி வந்தார். அவர் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஷஹ்பாஸ் எழுந்து நின்றான்.

"உக்காருங்க தம்பி. வலிக்குதா?"

"பரவால்லக்கா."

"பாட்டு கேட்டேன். முழுப் பாட்டு." சேலைத் தலைப்பை இழுத்து முடிந்துகொண்டார். "எனக்குப் புதுசில்ல. கடைசியாத் தொடச்சு அனுப்பும்போது முதுகத் தொடச்சவ நான். கரைக்கு ஓடிவந்து பாத்த ஊருக்குத்தான் மறந்துபோச்சு."

"அக்கா, அந்த அருவா... நான்தான்..."

"அதையும்தான் பாடிட்டீங்களே."

கல்லாவில் ஹாஜா மைதீன் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தெருவில் குணசேகரனின் வண்டிச் சத்தம் மாதிரி ஒன்று வந்து, கடந்து போனது. ஆனந்தவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. அது போய் முடியும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்.

"வெட்டருவா ஒண்ணு காட்டுங்க."

ஷஹ்பாஸ் கடை வழக்கப்படிக் கேட்டான். "எதுக்குக்கா?"

"வாழைக்கு."

அவன் வலது கையால் கீழ்வரிசையில் இருந்ததை எடுத்தான். இருப்பதிலேயே லேசானது. அவர் அதை வாங்கி, நகத்தால் சுண்டி, காதோரம் கொண்டுபோனார். ஓசை இழுத்துக்கொண்டே போனது. மாவுக்கட்டுக்குள் மூன்று விரல்கள் அந்தச் சுருதிக்கான கம்பிகளைத் தேடி மடங்கப் பார்த்து, வலியில் நின்றன.

"லேசா இருக்கே தம்பி" என்றார் ஆனந்தவல்லி.

அவனுக்குப் பின்னால், மேல்வரிசைக் கம்பியில், கனமானவை ஆறு தொங்கிக்கொண்டிருந்தன. மின்விசிறிக் காற்றில் ஓரத்தில் இருந்த ஒன்று மட்டும் லேசாக அசைந்தது.