காற்றோட்டமான வீடு

"என்ன சாப்பிட்டே? ஒழுங்கா தூங்கினியா? கனமா ஏதாவது தூக்கினியா? வீட்டுல சண்டையா?"

நர்ஸ் கேட்டுக்கொண்டே போனாள். கட்டிலில் கிடந்த என் தம்பி பொண்டாட்டி, திருடி அகப்பட்டுக்கொண்ட மாதிரி தலையைக் குனிந்தபடி பதில் சொன்னாள். மாதம் நிறையாமலே பிறந்த பெண் குழந்தை அடுத்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. ஒரு கைக்குள் அடங்கிவிடும். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலா எலும்பு தெரிந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தையல்காரி, வாய் கொஞ்சம் நீளம். சந்தில் எனக்குப் பெயரே 'பட்டாசு'தான்.

"ஏம்மா, என்ன தின்னா, எப்படிப் படுத்தான்னு இவ்வளவு நோண்டுறியே, எந்தத் தெருவுல மூச்சு விட்டான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

நர்ஸுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கேட்டு நான் என்னக்கா பண்ண முடியும்? புகை, ராத்திரியெல்லாம் லாரி சத்தம், தூக்கமில்லாம கிடக்கிறது, எல்லாமே வயித்துப் புள்ளையை பாதிக்கும்னு டாக்டர் சொல்றாரு. முடிஞ்சா வீட்டை மாத்துங்க."

முடிஞ்சாவாம்! வீடு மாற்றுவது என்ன, புடவை மாற்றுவதா?

எங்கள் சந்தின் கோடியில் பழைய ஒயர்களை எரித்துச் செம்பு எடுக்கும் பட்டறை இருக்கிறது. பொழுது சாய்ந்ததும் தீ வைப்பார்கள். கறுகறுவென்று புகை கிளம்பி நேராக எங்கள் ஜன்னலுக்கு வரும். சாத்தினால் அறை வெந்துபோகும், திறந்தால் தொண்டை எரியும். தீ அடங்கினால் லாரிகள் வந்து விடிய விடியச் சரக்கு இறக்கும். சாயங்காலம் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று இந்தப் பைத்தியக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் புகைக்குள்ளேயே நடந்தாள். நடக்க வேறு இடம் எங்கே இருக்கிறது?

போய்ச் சண்டை போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சந்தில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டறைதான் சோறு போடுகிறது. அங்கே தினம் தீ வைக்கிறவனே என் தம்பிதான்.

மறுநாள் பட்டறை முதலாளியின் மனைவி பழப்பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நல்ல மனுஷி, சூதுவாது தெரியாது. கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடக் கடவுளே, பூஞ்சையா இருக்கே! என் மகளுக்கும் இது ஏழாம் மாசம். அவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கே இவரு எங்களை மேட்டுத்தெரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. 'பட்டறைப் பக்கம் எட்டிக்கூட பாக்காதே, அந்தப் புகை வயித்துப் புள்ளைக்கு ஆகாது'ன்னு ஒரே கண்டிப்பு. அங்க வீடு நல்ல காத்தோட்டம்."

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. இத்தனை நாளாக அந்த ஆளுக்கு விவரம் பத்தாது என்றுதான் நினைத்திருந்தேன். விவரம் தெரிந்திருக்கிறது! தெரிந்து, தன் பெண்ணை மட்டும் பத்திரமாக ஏற்றிவிட்டு, இங்கே தீயை மூட்டச் சொல்லியிருக்கிறான். 

வராந்தாவில் தம்பியைப் பிடித்துச் சொன்னேன். கறுத்துப் போன நகங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"வேலையை விட்டா அடுப்பு எப்படிக்கா எரியும்?"

 அந்தக் கோபத்தில் அவனையும் நாலு வார்த்தை திட்டினேன்.

குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்கு டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "நுரையீரல் இன்னும் பிஞ்சு. புகை படுற இடத்துல வெச்சீங்கன்னா திரும்ப இங்கதான் தூக்கிட்டு ஓடி வரணும். அப்போ காப்பாத்துறது கஷ்டம்."

ஆட்டோவில் ஏறினோம். எங்கே போகணும் என்றார் டிரைவர். தம்பி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மேட்டுத்தெரு."

முதலாளி கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்ன பட்டாசு, கும்பலா வந்திருக்கீங்க?"

"புகை படாத இடத்துல குழந்தையை வைக்கச் சொல்லிட்டாங்க முதலாளி. எங்களுக்குத் தெரிஞ்ச காத்தோட்டமான வீடு இது ஒண்ணுதான்." தம்பி பொண்டாட்டியை மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் குழந்தையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

"விளையாடுறியா? இது என்ன சத்திரமா?"

"உங்க மகளுக்கு ஆகாத புகை எங்க வீட்டுப் பொண்ணுக்கு மட்டும் சத்து மருந்தா? தெரிஞ்சேதானே பண்ணீங்க?"

முதலாளி பக்கத்தில் நின்ற மனைவியை முறைத்தார். அவள் தரையைப் பார்த்தாள். சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மகள் வந்தாள், இடுப்பில் கையை ஊன்றியபடி. தம்பியின் கையிலிருந்த துணிப்பொட்டலத்தை எட்டிப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?"

"உங்கப்பாவைக் கேளும்மா" என்றேன்.

முதலாளி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சரி சரி, ஒரு வாரம் நிறுத்தச் சொல்றேன். கிளம்புங்க."

"அப்புறம்? ஒரு வாரத்துக்கு அப்புறம் மூச்சு விட வேண்டாமா இது?"

அவருக்குப் பொறுமை போய்விட்டது. என்னை விட்டுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார். "நீ என்னடா மரம் மாதிரி நிக்கிற? உனக்குச் சோறு போடுறதே அந்தத் தீதான், ஞாபகம் இருக்கட்டும். சரக்கு வந்து குவிஞ்சு கிடக்கு. போ, போய் தீயை வை!"

என் தம்பி அந்த மனுஷன் முன்னால் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. குழந்தையை என்னிடம் நீட்டிவிட்டுப் போகத்தான் போகிறான் என்று நினைத்தேன். வாங்கினால்தானே என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையை நெஞ்சோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பொண்டாட்டி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"கை காலியா இல்ல, முதலாளி" என்றான்.