பன்னிரண்டு டிகிரி

சிட்னியில் எங்கள் குளிர்கால நீச்சல் சங்கத்துக்குப் பேருக்குத்தான் நான் செயலாளர். கடற்குளத்துத் தெர்மாமீட்டர் ஆறு வருடமாகப் பன்னிரண்டு டிகிரியிலேயே நிற்கிறதே என்று, இந்த ஜூலைக் குளிரில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அது பதினேழு காட்டியது.

நீந்திவிட்டு ஏறியவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பதினேழா? என் பல்லு தந்தியடிக்கிறது தெரியலையா, நொலீன்?" என்று கத்தினார் மெர்வ்.

பழையதை எடுத்து அவருடைய கொதிக்கிற தேநீரில் முக்கிக் காட்டினேன். பன்னிரண்டு.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். டீ ஆறிப்போச்சு."

எதை மாட்டுவது என்று கைதூக்கி ஓட்டெடுத்தார்கள். தலையிலடித்துக்கொண்டு பழையதையே மாட்டினேன். உடனே குளத்தில் குதித்த மெர்வ், நடுங்கிக்கொண்டே தலை தூக்கினார்.

"அப்பாடா! இப்பத்தான் சரியாக் குளிருது."