பிரியாவிடையால் இடம்பெயர்ந்தவர்கள்

இனி வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொல்லச் சொன்னால் ஒரு கை அல்ல, இரண்டு கையையும் வைக்கலாம். கூட்டிச் சொன்னது ஒன்றுமில்லை. சில இடங்களில் குறைத்துச் சொன்னது உண்டு, ஏனென்றால் முழுவதையும் சொன்னால் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

பெற்றிசியாவுக்கு மன்னார்த் தீவில், ஓலைத்தொடுவாயில் ஒரு வீடு கிடைத்தது. பத்து வயதில் சண்டைக்குப் பயந்து வள்ளம் ஏறி, இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் கட்டி, சண்டை முடிந்ததென்று திரும்பி வந்து, தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு வருடம் வெந்து, வெள்ளம் வந்து அதையும் விட்டு ஓடி, அதற்குப் பிறகு கிடைத்த வீட்டுத்திட்ட வீடு. இரண்டு அறை, ஒரு விறாந்தை, உள்ளுக்கு நின்று பூட்டக்கூடிய ஒரு கதவு. அவளுடைய சீவியத்தில் உள்ளுக்கு நின்று பூட்டிய முதல் கதவு அதுதான். முதல் கிழமை முழுக்கப் பூட்டுவதும் திறப்பதுமாகவே இருந்தாள். அந்தச் சத்தம் தாங்காமல் அயலில் படுக்கிற கழுதைகள் பேசாலைப் பக்கம் இடம் மாறின. அங்கே அவை இன்றைக்கும் நிற்கின்றன, போய்ப் பார்க்கலாம்.

சாகும்வரை அந்த வீட்டில் இருப்பது ஒன்றுதான் அவளுடைய ஆசை. மற்ற ஆசைகளை எல்லாம் ஆசைப்பட்டுக் களைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து ஆண்டவர் அவள் புருசன் கொன்ஸ்ரன்ரைனை மொசாம்பிக்குக்குக் கூப்பிட்டார்.

கொன்ஸ்ரன்ரைன் மேசன் வேலை செய்கிறவன். மீளக்குடியேறிய சனங்களுக்கு மன்னார்த் தீவிலும் முசலிப் பக்கமும் வீடு கட்டிக் கொடுத்தவன். கோபமே வராது. அதுதான் அவனோடு இருக்கிற பெரிய கரைச்சல். அவர்கள் போகிற சின்ன ஜெபவீட்டுக்கு வெளியிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர், ஆபிரிக்காவில் சுவர் கட்டவும் தெரிந்த, சுவிசேசம் சொல்லவும் தெரிந்த ஆள் தேவை என்றார். கொன்ஸ்ரன்ரைன் கையை உயர்த்தினான். உயர்த்தியவனுக்குப் பெண்சாதி இருந்தபடியால் இரண்டு பேரும் மிசனரிமார் ஆனார்கள்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களோ?" என்றாள் வீட்டுக்கு வந்து.

"கேக்கத்தான் இருந்தனான், பெற்றி. அதுக்குள்ள எல்லாரும் கைதட்டிப் போட்டினம்."

மொசாம்பிக்கில் பேசுவது போர்த்துக்கேய பாசை. கொன்ஸ்ரன்ரைன் அதைப் படிக்கத் தொடங்கி முதல் நாளே ஆச்சரியப்பட்டுப் போனான். கதிரைக்கு அங்கேயும் கிட்டத்தட்டக் கதிரைதான், மேசைக்கு மேசைதான், அலுமாரியும் அப்படித்தான். பாசை பாதி முடிந்துவிட்டது என்று சந்தோசமாகச் சொன்னான். கதிரையையும் மேசையையும் பக்கத்து வீட்டு நிறஞ்சலாவுக்கும், அலுமாரியை ஜெபவீட்டுக்கும் அவன் அந்தக் கிழமையே தானம் பண்ணிவிட்டிருந்தான். அவனுக்குத் தெரிந்த சொற்கள் மட்டும்தான் வீட்டில் மிச்சம்.

பிறகு பிரியாவிடைகள் தொடங்கின. ஜெபவீட்டுப் போதகர் தோமஸ் முதலாவதை வைத்தார். மாலை, பாட்டு, கேக், கண்ணீர். அடுத்த மாதம் விசா வருமென்றார்கள், வரவில்லை. வாலிபர் சங்கம் ஒன்று வைத்தது. விசா வரவில்லை. தாய்மார் சங்கம் வைத்தது, மாதர் சங்கம் போட்டிக்கு இன்னொன்று வைத்தது. இரண்டு சங்கத்திலும் இருந்தது அதே பெண்கள்தான். ஒவ்வொரு முறையும் பெற்றிசியா அழவேண்டியிருந்தது. மூன்றாவது பிரியாவிடைக்குப் பிறகு அவளுக்குக் கண்ணீர் வற்றிவிட்டது. பார்ப்பவர்கள், பயணச் சந்தோசத்தில் மனம் இறுகிவிட்டாள் என்று கதைத்தார்கள்.

பிரியாவிடை கொடுத்த ஆளைத் தெருவில் திரும்பக் காண்பது ஒருவருக்கும் பிடிக்காது. அது செத்தவீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்த பிறகு செத்தவரைச் சந்தையில் காண்பது மாதிரி.

"இன்னும் போகேல்லையோ?"

மீன் வாங்கப் போனால் அந்தக் கேள்வி. தண்ணீருக்குப் போனால் அந்தக் கேள்வி. மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, அவன் கொடுத்த கதிரையிலேயே ஏறி நின்றுகொண்டு நிறஞ்சலா கேட்பாள்: "என்னடி, இன்னும் போகேல்லையோ?"

"ஓம் அக்கா. இன்னும் உயிரோடதான் இருக்கிறன்."

கடைசியில் பகலில் வெளியே போவதையே விட்டாள். ஆசைப்பட்டுக் கிடைத்த வீட்டில், கதவைப் பூட்டிக்கொண்டு, முகாமில் இருந்ததைவிட ஒடுங்கி இருந்தாள். இந்தக் கேள்வி தாங்காமல்தான் கொன்ஸ்ரன்ரைன் விசா கைக்கு வரமுதல், கொழும்பில் போய் நின்று பார்ப்போம் என்று வெளிக்கிட்டான். மீன்பிடிச் சங்கம் ஓடிவந்து ஒரு அவசரப் பிரியாவிடை வைத்தது. வீட்டுக் கதவைப் பூட்டித் திறப்பைத் தோமஸ் போதகரிடம் கொடுத்தபோது மட்டும் பெற்றிசியாவுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அதை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

கொழும்பில் விசா அலுவல் பார்க்கிற மனுசன் தேத்தண்ணி கொடுத்து இருத்தி, விசா மறுத்துவிட்டார்கள் என்றான். "அடுத்த வருசம் பார்ப்பம். அதுவரை வீட்ட போய் ஜெபம் பண்ணுங்கோ."

வீட்ட போ என்பது சொல்ல லேசு. இரண்டு பேரும் மன்னார் பஸ் ஏறினார்கள். மதவாச்சி தாண்டியதும் கொன்ஸ்ரன்ரைன் வாயைத் திறந்தான்.

"எப்பிடி ஊருக்குள்ள போய் இறங்கிறது? அஞ்சு பிரியாவிடை, பெற்றி. அஞ்சு வச்சவங்கள்."

"அஞ்சையும் திருப்பிக் குடுப்பம்."

"பகிடி விடாதேயும். அந்தச் சனத்தின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?"

முருங்கன் சந்தியில் பஸ் நின்றது. சிலாவத்துறைப் பக்கம் போகிற பஸ் எதிரில் நின்றது. அவன் திடீரென்று பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். அவள் இறங்காமல் இருந்திருக்கலாம். ஆனால் இத்தனை வருடமாக யாராவது பெட்டியைத் தூக்கினால் பின்னால் போவது அவளுடைய கால்களுக்குப் பழகிவிட்டது.

"முதல் சண்டையால இடம்பெயர்ந்தன்," என்றாள் சந்தியில் நின்று. "பிறகு வெள்ளத்தால இடம்பெயர்ந்தன். இப்ப பிரியாவிடையால இடம்பெயர்ந்து நிக்கிறன். இதுக்கும் நிவாரணம் குடுப்பினமோ எண்டு அரசாங்கக் கந்தோரில கேட்டுப் பாருங்கோ."

அவர்கள் போய்ச் சேர்ந்தது மறிச்சுக்கட்டி. தெற்கே, வில்பத்துக் காட்டின் ஓரத்தில். அங்கே சாஹுல் ஹமீட் இருந்தார். இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். கொன்ஸ்ரன்ரைன் பாதி கட்டிவிட்டு விட்டுப்போன அவருடைய வீடு அப்படியே நின்றது.

"என்ன மேசன், மிச்சச் சுவரக் கட்ட வந்தீங்களா?"

"ஒளிக்க வந்தனான், நானா." அண்ணன் முறைக்கு அவரை அப்படித்தான் கூப்பிடுவான்.

"யாருக்கு?"

"எங்கட சபைச் சனத்துக்கு."

சாஹுல் ஹமீட் முழுக் கதையையும் கேட்டார். தாடியைத் தடவினார். "நாங்க இருபது வருசமா ஊருக்குத் திரும்பி வர வழி பார்த்த. நீங்க ஊர்ல இருந்துகொண்டு போக வழி பார்க்கிறீங்க. அல்லாஹ் ஆளுக்கொரு வேலையக் குடுத்திருக்கான். தகரக் கொட்டில் சும்மாதான் கிடக்குது, இருங்க."

கொன்ஸ்ரன்ரைன் அங்கே சுவர் கட்டினான். வேதம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சாஹுல் ஹமீட்டும் அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேரும் சீமெந்தைப் பற்றிப் பேசினார்கள், அதில் அவர்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடும் இருக்கவில்லை. பெற்றிசியா தகரத்துக்குக் கீழே படுத்து, தன் வீட்டுக் கூரையில் எத்தனையாவது ஓடு உடைந்திருக்கும் என்று யோசித்தாள்.

ஊரைவிட்டு வெளிக்கிடும்போது கொன்ஸ்ரன்ரைன் சபைக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான், ஞாயிறு பின்னேரக் கூட்டத்துக்குத் தொலைபேசியில் சாட்சி சொல்லுவேன் என்று. கொடுத்த வாக்கைக் காப்பாற்றவேண்டும் என்பது அவன் குணம். தோமஸ் போதகருடைய கைபேசியில் முகப்புக் கண்ணாடி நொறுங்கிப்போய் நம்பர் ஒன்றும் தெரியாது. ஆகவே எங்கிருந்து அழைப்பு வருகிறதென்று அவருக்கும் தெரியாது.

"அல்லேலூயா!" என்று போதகர் கத்தினார். கைபேசியை ஒலிவாங்கிக்குக் கிட்டப் பிடித்தார். "மொசாம்பிக்கில இருந்து தம்பி கதைக்கிறார்!"

கொன்ஸ்ரன்ரைன் மொசாம்பிக் என்று சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. "நல்லா இருக்கிறம், நல்ல வெயில்" என்றுதான் சொன்னான். அந்த நேரம் காட்டுக்குள் இருந்து ஒரு யானை வெளியே வந்து, சாஹுல் ஹமீட்டின் வாழையைக் கண்டு, சந்தோசத்தில் ஒரு பிளிறல் பிளிறியது. ஓலைத்தொடுவாயில் ஜெபவீட்டு ஒலிபெருக்கி கிழிந்தது. சனம் எழும்பி நின்று கர்த்தரைத் துதித்தது. ஆபிரிக்க யானைக்குக் காது பெரிது, அதனால்தான் சத்தமும் பெரிது என்று ஒருவர் விளக்கம் சொன்னார்.

அந்த யானை அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஜெபவீட்டு அங்கத்தவர்கள்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. நாலாம் ஞாயிறு சாஹுல் ஹமீட்டுக்குப் பொறுமை போய், யானை வெடி வாங்கி வந்து சரமாகக் கொளுத்தினார். கொன்ஸ்ரன்ரைன் அப்போது கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான்.

ஒலிபெருக்கியில் வெடிச்சத்தம் கேட்டதும் ஜெபவீட்டில் இருந்த சனம் முழுக்க நிலத்தில் படுத்தது. ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிள்ளைகளை அடியில் வைத்து, தலையைக் கையால் பொத்தி, பழைய மாதிரியே படுத்தார்கள். பிறகுதான் சத்தம் மொசாம்பிக்கில் என்பது ஞாபகம் வந்தது.

மூன்று நாள் கழித்துத் தோமஸ் போதகர் அழைத்தார். நம்பர் தெரியாவிட்டாலும் கடைசியாக வந்த அழைப்புக்குத் திருப்பி எடுக்க அவருக்குத் தெரியும். இந்த முறை பெற்றிசியாதான் எடுத்தாள்.

"பிள்ளை, உயிரோட இருக்கிறீங்களோ? அங்கயும் சண்டை எண்டு எங்களுக்குச் சொல்லேல்லையே. சபை முழுக்க உபவாசம். நிறஞ்சலா மூண்டு நாளாத் தண்ணியும் குடியாமல் கிடக்கிறா. தம்பிமாரை விட்ட மாதிரி உங்களையும் விடமாட்டாவாம்."

நிறஞ்சலாவின் இரண்டு தம்பிமாரும் கடைசிச் சண்டையில் காணாமல் போனவர்கள். பெற்றிசியா கைபேசியை வைத்தாள். பிறகு எழும்பி உடுப்பை அடுக்கினாள். அவ்வளவு கெதியாக மூட்டை கட்ட அந்தக் கரையில் வேறு ஆள் கிடையாது.

"எங்க வெளிக்கிடுறீர்?" என்றான் கொன்ஸ்ரன்ரைன், கையில் சாந்துக் கரண்டியோடு.

"வீட்ட போறன். நீங்கள் மொசாம்பிக்கில இருங்கோ."

"பெற்றி, வெக்கக்கேடு. அடுத்த வருசம் விசா வந்திட்டுதெண்டால்..."

"என்னப்பா, இஞ்ச பாருங்கோ. எனக்கு மூச்சு வாங்குது. ஓடி ஓடி மூச்சு வாங்குது. பட்டினி கிடக்கிற சனத்திட்ட உண்மையைச் சொல்லிப்போட்டு நான் என்ர வீட்டில கிடக்கப் போறன். வந்தால் வாங்கோ. வராட்டி அந்த யானைக்கு ஊழியம் செய்யுங்கோ."

அவன் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னால் வந்தான். சாஹுல் ஹமீட் பஸ்வரை வந்து வழியனுப்பினார். பிரியாவிடை ஒன்றும் வைக்கவில்லை. அதற்காகப் பெற்றிசியா அவரைச் சாகும்வரை மறக்கவில்லை.

அன்று பின்னேரம் உபவாசக் கூட்டத்துக்கு ஜெபவீடு நிறைந்து, ஆட்கள் யன்னலுக்கு வெளியிலும் நின்றார்கள். நிறஞ்சலா அவளைக் கட்டிப்பிடித்துக் குழறினாள். பெற்றிசியா நேரே போய் ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"நாங்கள் மொசாம்பிக்குக்குப் போகேல்லை. விசா தரேல்லை. இவ்வளவு நாளும் மறிச்சுக்கட்டியில இருந்தனாங்கள். யானை வில்பத்து யானை. வெடி யானை வெடி. எங்களை மன்னியுங்கோ."

பிறகு பின்வரிசையில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "பாவம், சரியாக் களைச்சுப் போச்சுது பிள்ளை."

நிறஞ்சலா தலையை ஆட்டினாள். "சொல்லமாட்டாள். நாங்கள் மாத்திரம் சொன்னனாங்களோ? முகாமால வந்த எங்களிட்ட என்ன நடந்ததெண்டு கேட்டால், ஒண்டுமில்லை, நல்லா இருந்தம் எண்டுதானே சொன்னனாங்கள்."

பெற்றிசியா திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள். சாஹுல் ஹமீட்டின் பெயரைச் சொன்னாள், வாழையைச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சனம் கண்ணைத் துடைத்தது. இவ்வளவு தாழ்மையைத் தாங்கள் கண்டதில்லை என்றார்கள். உண்மையைச் சொல்லி இவ்வளவு களைப்பு அவளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

தோமஸ் போதகர் எழும்பினார். "சரி, சரி, அவையை வருத்தாதேங்கோ." பிறகு கொன்ஸ்ரன்ரைன் பக்கம் திரும்பி, ஒலிவாங்கியை நீட்டி, எல்லாரும் கேட்கக் காத்திருந்ததைக் கேட்டார்.

"தம்பி, எப்ப திரும்பிப் போறியள்?"

பெற்றிசியா புருசனைப் பார்த்தாள். அவனுக்கு அந்தச் சனத்தின் முகத்தை முறிக்கத் தெரியாது, கை உயர்த்தியே பழகியவன். வாலிபர் சங்கத் தலைவர் அடுத்த பிரியாவிடைக்கு நாள் பார்க்கிற முகத்தோடு முன்வரிசையில் இருந்தார். ஒரு சொல், "கெதியில" என்ற ஒரு சொல், அவ்வளவுதான், வீடு போய்விடும்.

கொன்ஸ்ரன்ரைன் ஒலிவாங்கியை வாங்கினான். அவள் பக்கம் பார்க்கவில்லை.

"எங்கட வீட்டுக் குசினிச் சுவர் இன்னும் பூசேல்லை," என்றான். "நாளைக்குத் தொடங்கவேணும். அது முடிய, வெளியால பூசவேணும். பிறகு முன்பக்க மதில் கட்டவேணும். பிறகு மலசலகூடம். அதெல்லாம் செய்து முடிக்க நான் செத்துப் போயிடுவன், போதகர் ஐயா."

வாலிபர் சங்கத் தலைவர் முகம் வாடியது. ஒருவரும் கைதட்டவில்லை. பெற்றிசியா இடத்தை விட்டு எழும்பி, தோமஸ் போதகர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவர் சட்டைப் பைக்குள் துழாவித் திறப்பை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த நாள் விடியச் சீமெந்து குழைக்கிற சத்தம் கேட்டது. நிறஞ்சலா மதிலால் எட்டிப் பார்த்தாள். என்ன கேட்பதென்று தெரியாமல், "தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா," என்றாள் பெற்றிசியா. "ஆறுதலாக் குடிப்பம்."

மறிச்சுக்கட்டியில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கத் தொடங்கியது, இதெல்லாம் நடந்து மூன்று வருடம் கழித்து.