சுனிதாவின் மேஜைக்குப் போகும் ஒயர்

பெட்டியைப் பிரித்து ஒரு சாண் கேபிளை நறுக்கி, உள்ளிருந்த கம்பியைக் கத்தியால் சுரண்டினார் இன்னாசிமுத்து. இரண்டு இழுப்பில் செம்பு நிறம் போய் வெள்ளையாகப் பல்லிளித்தது. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. மேலுறையில் லைட்டரைக் காட்டினார். நல்ல உறையென்றால் நெருப்பை எடுத்ததும் தானே அணைந்துவிடும். இது கரும்புகை கக்கிச் சொட்டுச் சொட்டாக எரிய, காலால் மிதித்து அணைத்தார்.

தாராவியில் இருந்துகொண்டு இருபத்திரண்டு வருஷமாக ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் ஒயர் இழுக்கிறவர். இதே மாதிரிச் சரக்கைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டு இழுத்ததுண்டு, அதை மறைப்பானேன். ஆனால் செம்பூரின் இந்த நாலாவது மாடியில், ஜன்னலில்லாத உள்ளறையில், அவர் மகள் சுனிதா வேலை பார்க்கிறாள். வெளியே வர ஒரே கதவு. மொத்த ஒயர்க் கட்டும் அந்தக் கதவுக்கு மேலேதான் போகப்போகிறது.

இங்கே அவர் அவளுக்கு அப்பா இல்லை. அப்பா மஸ்கட்டில் இருப்பதாக ஆபீஸில் சொல்லி வைத்திருந்தாள். இந்த வேலை இவருக்குத்தான் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் முந்தாநாள் சோறு போட்டுக்கொண்டே, "அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கிடாதீங்கப்பா" என்றாள். இவரும் தலையாட்டினார்.

மேனேஜர் சந்திரமௌலியைக் கூப்பிட்டுக் கம்பியைக் காட்டினார். "சார், போனுக்கும் கேமராவுக்கும் கரண்டு இதுலதாம் போவும். அலுமினியம் சூடாவும். பத்திக்கிட்டுன்னா புகையிலயே ஆளு போயிரும். உள்ள பொம்பளப் பிள்ளைய இருக்கு."

சந்திரமௌலிக்கு முகம் கடுத்தது. சரக்கு அவருடைய மச்சினன் கடையிலிருந்து வந்தது. இருந்தாலும் கத்த மாட்டார், படித்த மனுஷர். சுனிதாவை அழைத்தார். நெட்வொர்க் படித்தவள், அடுத்த வாரம் வேலை நிரந்தரமாக வேண்டியவள்.

"நீயே சொல்லும்மா. இந்த கேபிளுக்கு என்ன?"

சுனிதா வாங்கிப் பார்த்தாள். ஏழு வயதில் அவர் மடியில் உட்கார்ந்து கம்பி சுரண்டிப் பழகியவளுக்கு வெள்ளை தெரியாமலா இருக்கும்?

"நல்லாத்தான் இருக்கு சார்" என்றாள். பிறகு, "இவங்க சொந்தச் சரக்கை விக்கறதுக்கு எல்லா ஆபீஸ்லயும் இப்படித்தான் பயம் காட்டுவாங்க."

இரண்டாவதாகச் சொன்னதை யாரும் அவளிடம் கேட்கவில்லை.

"கேட்டியாப்பா, படிச்ச பொண்ணே சொல்றா" என்று சந்திரமௌலி சிரித்தார். இவள் என் மகள், சொந்தப் பிள்ளை இருக்கும் அறைக்கு எவன் பொய்ப் பயம் காட்டுவான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கேபிள் திரும்பிப் போய்விடும். கூடவே, சொன்ன பொய்களுக்காக அவள் வேலையும் போய்விடும். கேபிள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

மூன்று மணிக்குள் கதவுக்கு மேலே நாற்பது ஒயர் ஏறிவிட்டது. கடைசி ஒயர் அவள் மேஜைக்கு. அடியில் தவழ்ந்து போய்ச் செருகினார். டெஸ்டரில் எல்லா விளக்கும் பச்சை. அலுமினியத்துக்கும் அது பச்சைதான் காட்டும். அவள் காலை உள்ளிழுத்துக்கொண்டாள்.

"ஹோ கயா, அங்கிள்?" முடிந்ததா என்று இந்தியில் கேட்டாள், யாரோ ஒரு வேலையாளைக் கேட்பதுபோல.

"ஹோ கயா, மேடம்" என்றார், மேஜைக்கடியிலிருந்தே. பிறகு அவள் காலில் தட்டாதபடி ஒயரைச் சுவரோரமாக ஒதுக்கி, ஒவ்வொரு கிளிப்பாக அடிக்கத் தொடங்கினார்.