எட்டு நாற்பது

ஃபெஸ்டஸ் காகனின் மூச்சு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு நாற்பதுக்கு நின்றது. மனைவி டெலியாவின் கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது. நான்கு நாளாக அவன் ஒரு வாய்கூட இறக்கவில்லை, என்றாலும் காலையில் கஞ்சி வைக்காமல் இருக்க அவளால் முடியவில்லை. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். ஒரு வாரமாக அது அப்படித்தான், வேலி தாண்டிய மாடு மாதிரிப் போய்விட்டு, தொலைந்ததென்று நினைக்கும்போது திரும்பி வரும். இந்த முறை வரவில்லை. கரண்டியைக் கிண்ணத்தில் போட்டாள். கண்களை மூடிவிட்டாள். தாடை தொங்காமலிருக்கக் கட்டவேண்டும், கைக்கு எட்டிய துணி கட்டில் கம்பியில் கிடந்த ஊர்க் கால்பந்து அணியின் கழுத்துத் துண்டுதான், சிவப்பும் வெள்ளையும். அதையே கட்டினாள். பிறகு அடுப்படிக்கு வந்து சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். ஆள் போனால் கடிகாரத்தை நிறுத்துவது, ஆவி வெளியேறப் படுத்திருந்த அறையின் ஜன்னலைத் திறந்துவிடுவது, இரண்டும் உடனே செய்யவேண்டியவை. பெண்டுலத்தைப் பிடிக்கப் போன கை அப்படியே நின்றது. மூன்று மணிக்கு ஆட்டம்.

அயர்லாந்தின் கேய்லிக் கால்பந்தில் மாவட்டக் கோப்பையின் இறுதி ஆட்டம். அவர்கள் ஊரான கிளூன்மோய் கடைசியாக அதை வென்றது நாற்பத்தொன்றில். இப்போது எண்பத்தெட்டாம் வருஷம். எதிரணி, மலைக்கு அந்தப் பக்கத்துப் பாலிகிளாஸ். இரண்டு வருஷம் முன்னால் பாலிகிளாஸ் விளையாட்டு மன்றச் செயலாளர் ஒரு வெள்ளிக்கிழமை மாரடைத்து இறந்தபோது அந்த வார ஆட்டத்தைத் தள்ளிப்போட்டார்கள். மன்றப் பொறுப்பில் இருப்பவனின் உடல் மண்ணுக்கு மேலே கிடக்கும்போது பந்தை உள்ளே எறிவதில்லை, அதை யாரும் எழுதி வைக்கவில்லை, மீறியதும் இல்லை. ஃபெஸ்டஸ் பன்னிரண்டு வருஷமாகக் கிளூன்மோய் மன்றத்தின் தலைவர். இப்போது அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு முந்நூறு அடி நடந்து ஃபெஸ்டஸின் கூட்டாளி மார்ட்டி ரூவான் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும், பத்து மணிப் பூசையில் பாதிரியார் அறிவித்துவிடுவார், ஆட்டம் குறைந்தது ஒரு வாரம் தள்ளிப்போகும். செவ்வாய்க்கிழமை மார்ட்டியின் மகன் ஈன்டாவுக்குப் பாஸ்டன் விமானம். அங்கே விசாக் காகிதம் எதுவும் இல்லாமல் செங்கல் சுமக்கிறான். வியாழனுக்குள் வராவிட்டால் வேறு ஆள் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருக்கிறான். இந்த ஒரு ஆட்டத்துக்காகவே வந்தவன். ஈன்டா இல்லாத கிளூன்மோய் என்றால் பதினாலு பேரும் ஒரு ஓட்டையும்.

டெலியா மேலங்கியை மாட்டினாள். கதவுவரை போனாள். அங்கேயே நின்றாள். பிறகு மேலங்கியைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு பால் கறக்கப் போனாள்.

ஜன்னலைத் திறக்கவில்லை. அது சாலையைப் பார்த்த ஜன்னல். அக்டோபர்க் குளிரில் நோயாளி அறையின் ஜன்னல் திறந்து கிடந்தால் கிளூன்மோயில் சின்னக் குழந்தைக்கும் அர்த்தம் தெரியும். அழவும் இல்லை. பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் வருவார்கள், கண் சிவந்திருக்கக்கூடாது. ஆட்டம் முடியட்டும், அப்புறம் அழுதுகொள்ளலாம் என்று, பாத்திரம் கழுவுவதைத் தள்ளிப்போடுவதுபோல அதையும் தள்ளிப்போட்டாள்.

பன்னிரண்டுக்கு வந்தார்கள். எந்த இறுதி ஆட்டமானாலும் இந்த அடுப்படியில் பன்றிக்கறி வறுவலும் ரொட்டியும் தின்றுவிட்டுத்தான் கார் கிளம்பும், ஐம்பத்தேழிலிருந்து அப்படி. அப்போது மூன்று கார் நிறைய ஆள். இப்போது இரண்டு பேர். மார்ட்டி முப்பது வருஷம் அரசாங்கத்துச் சதுப்பில் அடுப்பெரிக்கும் கரிமண் வெட்டி முதுகு வளைந்தவன். பாக்கி லாவெல் லண்டனில் சுரங்கப்பாதை தோண்டியவன், பாறை உடைக்கும் எந்திரம் அவன் காதில் பாதியைத் தின்றுவிட்டது, அதனால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வான்.

"எப்படி இருக்கான்?" என்றான் மார்ட்டி, அறைக் கதவைப் பார்த்து.

"அசையாமப் படுத்திருக்கான். நேத்து நர்ஸ் வந்து ஊசி போட்டுட்டுப் போனா." இரண்டும் பொய்யில்லை. டெலியா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"படுத்திருக்கட்டும். சாயங்காலம் நாம எழுப்புவோம்" என்று பாக்கி நாற்காலியை இழுத்தான். "நாப்பத்தேழு வருஷம், மார்ட்டி. கொலை பண்ணிட்டு உள்ள போனவன்கூட இதுக்குள்ள மூணு தடவ வெளிய வந்திருப்பான்."

"வந்து மூணு கொலையும் பண்ணியிருப்பான்."

"ஏன் ஜெயிக்கலன்னு கேளு. ஆளு இருந்தாத்தானடா ஜெயிக்க? அம்பத்தேழுல ஆடுன பதினஞ்சு பேர்ல பதினோரு பேரு அடுத்த வருஷம் பொழப்புத் தேடிக் கப்பல்ல."

"பாலிகிளாஸ்காரனுக்குக் கப்பல் கெடையாதா? அவன் ஆறு தடவ ஜெயிச்சிருக்கான்."

"அவன் மண்ணு நல்ல மண்ணு. அவன் புள்ளைக்கு மாடு இருக்கு, வீட்டுல தங்குது. நம்ம புள்ளைக்குச் சதுப்பு. சதுப்பப் பாத்துக்கிட்டு எவன் தங்குவான்?"

"மண்ணு மேல பழியப் போடு. எழுபத்திரெண்டுல ஆளு பொறுக்குறதுக்கு உன்ன உக்கார வச்சா, உன் தங்கச்சி மவனக் கொண்டுபோயி கோலுல நிறுத்துன. நாலு பந்து கால் சந்துல போச்சு. அதுவும் மண்ணு பண்ணுனதா?"

"அவனுக்கு அன்னைக்குக் காய்ச்சல்."

"அவனுக்குப் பொறந்ததுலேருந்து காய்ச்சல்."

டெலியா கறியைப் புரட்டினாள். இந்தப் பேச்சின் ஒவ்வொரு வளைவும் அவளுக்குத் தெரியும். கப்பல், மண், தங்கச்சி மகன், கண் தெரியாத நடுவர், எழுபத்தொன்பதில் மழை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே மேஜை, இதே காரணங்கள். முப்பது வருஷம் அணியின் சட்டைகளைத் துவைத்தவள் அவள், ஞாயிறு இரவு பதினைந்து சட்டை சேற்றோடு வந்து விழும், திங்கள் காலை கொல்லையில் தொட்டியை வைத்து, பனிக்காலமானால் மேலே உறைந்த தண்ணீரை உடைத்து, கையாலேயே கசக்கி அலசுவாள். விரல் முட்டிகள் இப்போது மடங்குவதில்லை. ஒரு இறுதி ஆட்டத்தையும் அவள் நேரில் பார்த்ததில்லை, மாடு கறக்க யாராவது இருக்கவேண்டுமே. நாற்பத்தொன்றில் கிளூன்மோய் வென்றபோது பதினேழு வயது ஃபெஸ்டஸ் ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தான். ஊர் திரும்பியபோது தெருமுனையில் கொண்டாட்ட நெருப்பின் சாம்பல்தான் கிடந்ததாம். அந்தச் சாம்பலைப் பற்றி அவன் பேசியதுபோலத் தன் பெண்டாட்டியைப் பற்றி ஒரு தடவையாவது பேசியிருக்கிறானா என்று அவள் சில சமயம் நினைப்பதுண்டு. கோப்பை மேல் அவளுக்கு ஆசை ஒன்றுமில்லை. அது வந்து தொலைந்தால் இந்தப் பேச்சு நிற்கும். செத்தவன் அதைக் கேட்டுக்கொண்டு கிடக்கவேண்டியதில்லை.

"உண்மையச் சொன்னா உறைக்கும்" என்றான் பாக்கி, வாய் நிறைய ரொட்டியோடு. "அறுபத்திமூணு. கடைசி நிமிஷம். கோல்கீப்பர் விழுந்து கெடக்கான், குறுக்க ஒருத்தன் இல்ல. எங்க வீட்டுக் கழுதைய நிறுத்தியிருந்தாக்கூட உள்ள தள்ளியிருக்கும். ஃபெஸ்டஸ் ஆகாசத்துல அடிக்கிறான். அந்த ஒரு பந்து உள்ள போயிருந்தா இன்னைக்கி நாம இங்க உக்காந்து ஒப்பாரி வைப்பமா?"

"மெதுவாப் பேசு" என்றான் மார்ட்டி. "அவனுக்குக் கேக்கப்போவுது."

"கேக்காது" என்றாள் டெலியா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரெண்டு நாளா காது அடைச்சுப்போச்சு. கேக்காது. சாப்பிடுங்க."

அறுபத்துமூன்றில் அந்த ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் கரிமண் வெட்டும்போது மண்வெட்டி நழுவி ஃபெஸ்டஸின் வலது பாதத்தில் இறங்கியிருந்தது. சொன்னால் ஆட்டத்தில் சேர்க்கமாட்டார்கள். யாரிடமும் சொல்லாதே என்றான். சட்டை துவைக்கும் தொட்டியிலேயே அவன் காலைக் கழுவி, மாவுச் சாக்கைக் கிழித்துக் கட்டி, பூட்ஸுக்குள் திணித்து அனுப்பினாள். ரத்தம் ஊறிய சாக்குத் துணியைத் திங்கள்கிழமை எரித்தாள். ஊர் அவனை இருபத்தைந்து வருஷம் கேலி பேசியது, அவனும் வாய் திறக்கவில்லை, அவளும் திறக்கவில்லை. மறைப்பது அவளுக்குப் புதிதில்லை.

மார்ட்டி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அறைக் கதவை நோக்கிப் போனான். "தொப்பிய எடுத்துக்கிறேன். ஆள் வராட்டியும் தொப்பி வரணும்னு சொன்னான் போன வாரம். என் மடியில வச்சுக்கிறேன்."

டெலியா ஈரக் கையோடு அவனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். இவ்வளவு வேகமாக நடந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. "நா எடுத்துத் தர்றேன். இரு."

கதவை உடம்பளவுக்கு மட்டும் திறந்து உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள். காற்றில்லாத அறை, மெழுகுவர்த்தியும் மருந்தும் கலந்த வாசம். தொப்பி கட்டில் கம்பியில் தொங்கியது. எடுக்கும்போது முழங்கை அவன் தோளில் பட்டது. தோள் மரம் மாதிரி இருந்தது. "மார்ட்டி கேக்குறான்" என்றாள் அவனிடம், மெல்ல.

வெளியே வந்து கொடுத்தாள். மார்ட்டி தொப்பியின் உள்பக்கத்தைத் தடவினான், வியர்வைக் கறை இருந்த இடத்தை. "ஜெயிச்சா கோப்பை மதுக்கடைக்குப் போகாது, டெலியா. நேரா இங்கதான். ஈன்டாகிட்ட சொல்லிட்டேன். ஃபெஸ்டஸ் கையில கொண்டாந்து வைக்கணும். போறதுக்கு முன்னாடி ஒரு தடவ தொடட்டும் அவன்."

"சரி."

பாக்கி காரை உறுமவிட்டுக்கொண்டிருந்தான். மார்ட்டி முற்றத்தில் பாதி போயிருந்தபோது அவள் "மார்ட்டி" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பினான். அறுபத்தொரு வயதுக்காரனின் முகம் இல்லை அது, விடிந்தால் திருவிழா என்று படுக்கப்போகும் பிள்ளையின் முகம். ஒரு நொடி அவள் வாய் திறந்தே இருந்தது.

"ரொட்டிய மறந்துட்ட" என்று பொட்டலத்தை நீட்டினாள்.

மூன்று மணிக்கு வானொலிப் பெட்டியை அறைக்குள் கொண்டுபோய், அவன் கால்மாட்டில் நாற்காலியின் மேல் வைத்தாள். ஜன்னல் சாத்தியே இருந்தது, எனவே உள்ளே இருப்பது இன்னும் உள்ளேதான் இருக்கும், கேட்கட்டும். வர்ணனையாளன் அதிகம் கத்தாதவன். குறுக்குக் கட்டைக்கு மேலே போனால் ஒன்று, வலைக்குள் போனால் மூன்று என்ற கணக்கு மட்டும் அவளுக்குத் தெரியும், மற்றதெல்லாம் பெயர்களும் இரைச்சலும். ஈன்டாவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. சட்டை துவைத்த காலத்தில் அவன் அப்பாவின் பெயரும் இப்படித்தான் வந்தது. பாதி ஆட்டத்தில் இரண்டு பின்னால். அப்புறம் ஒன்று முன்னால். அப்புறம் சமம். டெலியா ஜெபமாலையை எடுத்து வைத்திருந்தாள், உருட்டவில்லை. ஒரு கட்டத்தில் தன் கை அவன் பாதத்தைப் போர்வையோடு பிடித்திருப்பதைக் கண்டாள். வலது பாதம்.

கடைசி நிமிஷம், ஈன்டாவுக்கு நேர் எதிரே நாற்பத்தைந்து மீட்டரில் தனி உதை. மைதானம் அடங்கிவிட்டது என்றான் வர்ணனையாளன். போனால் ஜெயித்தார்கள். டெலியா கண்ணை மூடினாள். பந்து போகிறது, நல்ல உயரம், காற்று பிடிக்கிறது, கம்பத்தில் பட்டுத் திரும்பிவிட்டது. விசில். இருபக்கமும் பதினொன்று. அடுத்த ஞாயிறு மறு ஆட்டம்.

அவள் எட்டி வானொலியை அணைத்தாள். தோல்வி என்றால் தோல்வி, அதையும் இந்த வீடு பலமுறை தின்றிருக்கிறது. சமம் என்ற ஒன்று இருப்பதே அவள் நினைப்பில் இல்லை. இன்று சொன்னால் செவ்வாய்க்கிழமை ஃபெஸ்டஸ் மண்ணுக்குள் போவான், அதே செவ்வாய்க்கிழமை ஈன்டா பாஸ்டனுக்குப் போவான். காலையிலேயே கதவைத் தட்டியிருந்தாலும் நடந்திருக்கப்போவது இதுதான், ஈன்டா இல்லாமல் அடுத்த ஞாயிறு ஓர் ஆட்டம். எட்டு மணி நேரம் அவனை மூட்டையாகக் கட்டி வைத்தது எதற்கு. பக்கத்து அறையில் கறியைத் தின்றுகொண்டே அவனைக் கழுதையோடு சேர்த்துப் பேச விட்டது எதற்கு. இப்போது அழலாம், யாரும் இல்லை, ஆட்டமும் முடிந்தது. கண் வறண்டு கிடந்தது.

எழுந்து ஜன்னலின் கொக்கியை விலக்கினாள். ஈரத்தில் உப்பிய சட்டம் சட்டென்று வரவில்லை, தோளைக் கொடுத்துத் தள்ளவேண்டியிருந்தது. கரிமண் புகை வாசனையோடு குளிர் உள்ளே வந்தது. "போ" என்றாள். "ஒண்ணும் ஆகல. போ."

அடுப்படிக்கு வந்து கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து பெண்டுலத்தைப் பிடித்தாள். சத்தம் நின்றது. ஐந்தடிக்க இன்னும் பத்து நிமிஷம். துக்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கடிகாரத்தைத்தான், முள் எங்கே நிற்கிறதோ அதுதான் ஆள் போன நேரம், இரண்டு ராத்திரி அது அங்கேயே நிற்கும். ஆட்டம் முடிந்தபோது என்று வைத்துவிடலாம். விசில் கேட்டான், போனான். ஊருக்கு அந்தக் கதை பிடிக்கும், பாக்கி அதைக் கடைசிவரை சொல்லித் திரிவான். இல்லையென்றால் எட்டு நாற்பது. அப்படி வைத்தால், சுவருக்கு அந்தப் பக்கம் பிணத்தை வைத்துக்கொண்டு தனக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தவள் என்று மார்ட்டி தெரிந்துகொள்வான்.

தெருமுனையில் கார் திரும்பும் சத்தம் கேட்டது. ஹாரன் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் முன்கண்ணாடி வழியாக மார்ட்டி தெரிந்தான், தொப்பி மடியில் இல்லை, தலையில் போட்டிருந்தான். கார் வேகத்தைக் குறைத்து, திறந்து கிடந்த ஜன்னலுக்கு நேரே வந்து நின்றது. எந்திரம் அணைந்தது. யாரும் இறங்கவில்லை.

டெலியா பெரிய முள்ளின் மேல் விரலை வைத்தாள். பித்தளை சில்லென்று இருந்தது. வெளியே ஒரு கார்க் கதவு திறந்தது.