மீசை வைத்த காளை

சக்கரம் கண்டுபிடித்த நாளுக்குப் பிறகு மனித குலம் காணும் அடுத்த அதிசயம் மதுரை மண்ணில்தான் உருளப்போகிறது என்று பால்பாண்டி அடித்த நோட்டீஸ் சொன்னது. உருளும் என்பது மட்டும்தான் அதில் பொய். மற்றதெல்லாம் வெறும் மிகை.

வண்டியூர்ப் பக்கம் ரிங் ரோட்டை ஒட்டிய பொட்டலில் கார் அலங்காரக் கண்காட்சி. ஆரப்பாளையத்தில் 'பாண்டி கார் டெக்கர்ஸ்' வைத்திருக்கும் பால்பாண்டி, நான்கு மாதமாக வந்த கிராக்கியையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு பழைய அம்பாசிடரைக் காளையாக்கிக்கொண்டிருந்தார். கூரையில் ஆறடிக் கொம்பு இரண்டு. கண்ணில் சிவப்பு விளக்கு, மூக்கில் புகை. முகப்பில் பித்தளை நிறத்தில் முறுக்கிய மீசை.

"காளைக்கு எதுக்குங்க மீசை?" என்று கேட்டாள் மனைவி முத்துமீனா.

"இது மதுரைக் காளைடி."

"அப்ப நம்ம ஊருப் பசுவுக்கு?"

பால்பாண்டி மீசைக்கு இன்னொரு முறுக்குப் போட்டார்.

முன்பக்கத்தில் இருபத்துநான்கு ஸ்பீக்கருக்கும் புகை மெஷினுக்கும் இடம் பற்றவில்லை. எஞ்சினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார். நின்று காட்சி கொடுக்கிற வண்டிக்கு எஞ்சின் எதற்கு? பட்டனை அமுக்கினால் ஸ்பீக்கரில் எஞ்சின் உறுமுகிற மாதிரி பதிவு செய்துகொண்டார். கண்காட்சி அன்று கூட்டம் வருமுன்பே தார்ப்பாய் போர்த்தி, இழுவை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

அம்புட்டும் ஒரே ஒரு ஆளுக்காக. டிராவல்ஸ் முதலாளி சிவனாண்டி புதிதாக நாற்பது வேன் இறக்குகிறார். சீட்டு, மேற்கூரை, உள்வேலை மொத்தத்தையும் கண்காட்சியில் பார்த்து ஒருவர் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் பால்பாண்டியின் கடை நிலைத்து நிற்கும். இல்லையென்றால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

எதிர் ஸ்டாலில் நாகூர் கனி. ஐந்து வருஷத்துக்கு முன்பு வரை பால்பாண்டிக்குக் கூட்டாளி, பிரிந்த நாளிலிருந்து பகையாளி. அவர் கொண்டுவந்திருந்தது சாதாரண வெள்ளை வேன் ஒன்று. உள்ளே அவர் கையால் தைத்த சீட்டுகள். தோரணம்கூட இல்லை.

"என்ன மாப்ள, மாட்டுத்தீவன ஏஜென்சி எடுத்திருக்கியா?" என்றார் கனி, கொம்பை அண்ணாந்து பார்த்து.

"ஒன் வேன் மட்டும் என்ன? பால் பாக்கெட் போடுற வண்டி மாதிரி இருக்கு. போய் வேலையப் பாரு."

"பால் வண்டி ஓடும்ல?"

பால்பாண்டி பானெட் சரியாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

பத்து மணிக்கு சிவனாண்டி வந்தார். நெற்றி நிறையத் திருநீறு. நேரே காளையிடம் போய், "எம்புட்டுப் பெருசுய்யா!" என்றார். பால்பாண்டி கனியின் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

பூசைக்கும் பால்பாண்டியே ஏற்பாடு செய்திருந்தார். பூசாரி சின்னானிடம், "வண்டிப் பூசைக்கு என்னென்ன உண்டோ ஒண்ணு கொறையக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒன்றும் குறையவில்லை. தேங்காய் உடைந்தது, பூசணிக்காய் சுற்றியாயிற்று. சின்னான் குனிந்து, நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏத்துங்கண்ணே."

மீசையின் முறுக்கையே மூன்று தடவை மாற்றிச் செய்த பால்பாண்டி, நான்கு மாதத்தில் ஒருநாள்கூட எலுமிச்சம்பழத்தை நினைத்திருக்கவில்லை.

"வேணாம்ப்பா, காட்சி வண்டிதான…" என்று இழுத்தார்.

"வச்ச பழத்த ஏத்தாம எடுத்தா வெளங்குமாய்யா?" சிவனாண்டிக்கு முகம் மாறிவிட்டது. "பழம் ஏத்தாம எங்க ஷெட்ட விட்டு ஒரு வண்டி வெளிய போனதில்ல. எடு வண்டிய, நானும் வாரேன்." கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தே விட்டார்.

பால்பாண்டியும் ஏறிப் பட்டனை அமுக்கினார். உறுமல் கிளம்பியது. ரிங் ரோட்டில் போன பஸ்ஸில் இருந்த தலைகள் அத்தனையும் திரும்பின. மூக்கில் புகை கொட்டியது. கூட்டம் விசிலடித்தது. பழம் பழமாகவே இருந்தது.

"கியரப் போடு தம்பி."

"சூடாகணும்ணே."

"எனக்கே அம்பாசிடரு சொல்லித்தாரியா? மிதிய்யா!"

மிதித்தார். உறுமல் உச்சத்துக்குப் போய் சட்டென்று நின்றது. பதிவு முடிந்துவிட்டது. அடுத்து, விளம்பரத்துக்காகப் பதிந்து வைத்திருந்த பால்பாண்டியின் சொந்தக் குரல் இருபத்துநான்கு ஸ்பீக்கரிலும் கணீரென்று ஒலித்தது: "அன்பார்ந்த வாடிக்கையாளப் பெருமக்களே! ஆரப்பாளையம் பாண்டி கார் டெக்கர்ஸ்…"

சிவனாண்டி ஸ்பீக்கரைப் பார்த்தார். பக்கத்தில் வாயை மூடி உட்கார்ந்திருந்த பால்பாண்டியைப் பார்த்தார். இறங்கினார். பானெட்டைத் திறக்கச் சொல்லி ரொம்ப நேரம் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எஞ்சின் எங்கய்யா?"

"டிஸ்ப்ளே வண்டிண்ணே. ஆளுகள இழுக்கத்தான்."

"ஆள இழுக்கும், தன்ன இழுக்காதாக்கும்."

"மாப்ள, வெயில்ல பழம் காயுது" என்றார் கனி. பதிலுக்குக் காத்திராமல் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பின்னாலிருந்து ஒரே தள்ளு. நான்கு பழமும் நசுங்கின. பால்பாண்டி பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் காளை போய்ப் பந்தல் துணியைக் குத்திக்கொண்டு நின்றது.

"ஒனக்கு அறிவிருக்காடா?" என்று கத்தினார் பால்பாண்டி.

"ஏத்தியாச்சுல்ல? இனி வெளங்கிருவ."

சிவனாண்டி எதிர் ஸ்டாலுக்குப் போய் வெள்ளை வேனில் ஏறினார். சாய்ந்து பார்த்தார். தையலை விரலால் நெம்பினார், அசையவில்லை. "நாப்பதுக்கும் நீயே தச்சிரு" என்று கனியிடம் சொன்னது, கொம்பைப் பந்தலிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்த பால்பாண்டிக்குக் கேட்டது. விட்டுவிட்டு ஓடினார்.

"அண்ணே, நானும் நல்லாத் தைப்பேண்ணே."

"தைப்பப்பா. தச்சுக் கொண்டாந்திருக்கலாம்ல?"

சாயங்காலம் பரிசளிப்பு. சிறந்த ஒலியமைப்புக்கான முதல் பரிசைக் காளைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் வேறு வண்டி எதுவும் கலந்துகொள்ளவில்லை.