மண்ணுக்குத் தலை எது?

"அப்பா, மண்ணுக்குத் தலை எது, கால் எது?" என்று மகள் சிறுமியாக இருந்தபோது ஆய்வுக்கூடத்தில் கேட்டாள். அப்பாவும் பெரியப்பாவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இருவரும் சகலைகள்; அப்பா சின்னவர், பெரியப்பா பெரியவர். கல்லாய் இறுகிய ஆதிகால மண்ணை ஆராய்ந்து, அன்று எவ்வளவு மழை பெய்தது என்று கணக்கிடுவது வேலை. நேற்றைய மழையில் இருவரும் குடையில்லாமல் நனைந்தது வேறு விஷயம்.

மண்ணில் சுண்ணாம்பு உருண்டைகள் ஆழத்தில் இருந்தால் நல்ல மழை. மேலாக இருந்தால் வறட்சி; அந்தக் காலம் வறண்டதுதான் என்பது சின்னவரின் கட்சி. பெரியவர் புதிதாக வெட்டிவந்த மண்கட்டியில் அவை அடியில் இருந்தன.

"செம மழை, சகலை! நாளைக்குக் கூட்டத்துல உங்க வறட்சியை மூட்டை கட்டிடுறேன்."

"கட்டுங்க. மூட்டை நனையாமப் பாத்துக்குங்க" என்றார் சின்னவர்.

"உங்க வாய்க்கு மட்டும் வறட்சியே கிடையாது!" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் சாப்பிடப் போனார்.

சின்னவர் மண்கட்டியைக் குனிந்து பார்த்தார். வேர் போன தடம் கீழே தடித்து, மேலே போகப்போக மெலிந்திருந்தது. எந்தச் செடியும் வானத்தை நோக்கி வேர் விடுவதில்லை. வெட்டியெடுத்த மகிழ்ச்சியில் பெரியவர் மேல்பக்கத்தைக் காட்டும் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டிருந்தார். அப்படியானால் சுண்ணாம்பு மேலே; வறட்சிதான்.

நாளை சபையில் எழுந்து, "சகலை, உங்க செடிக்கு வேர் மேலயா?" என்று கேட்டால் போதும். பெரியவர் ஆயுசுக்கும் தலைநிமிர மாட்டார். சின்னவர் அதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். இனித்தது.

உறுதிப்படுத்திக்கொள்ள, பெரியவரின் மேசையிலிருந்த லென்ஸை எடுத்தார். பிடியில் பச்சை நூல் சுற்றியிருந்தது. கை அப்படியே நின்றது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், தன் மாதிரிக்குள் புகுந்திருந்த புல்வேரைக் கவனிக்காமல், போன வருஷத்து மழையை ஆதிகால மழை என்று கணக்கிட்டு வைத்திருந்தார் சின்னவர். கூட்டத்துக்கு முன்பே தவற்றைத் தானே கண்டுபிடித்ததாக இன்றுவரை பெருமை. அன்று இதே லென்ஸ் அவர் மேசையில், சரியாக அந்த வேரின்மேல் கிடந்தது.

"உங்க சாமானை என் மேசையில போடாதீங்க, சகலை" என்று சிடுசிடுத்திருந்தார்.

"மறந்துட்டேன்" என்று பெரியவர் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

பல கோடி ஆண்டுக்கு முந்தைய ஈரத்தை அளந்தவருக்குப் பக்கத்து மேசையின் ஈரம் இத்தனை காலம் தெரியவில்லை.

சின்னவர் மண்கட்டியைப் பெரியவரின் விளக்கடிக்கு மெல்ல நகர்த்தினார். அம்புக்குறியைத் தொடவில்லை. வேர் மெலியும் இடத்தில் லென்ஸை வைத்தார். கடவுளுக்குத் தெரிந்தால் போதும் என்று, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வெளியே நடந்தார்.